தேயிலைக் கொழுந்தும் மருநோய்க் களிம்பும்

திம்புள்ளைப் பள்ளத்தாக்கிலும், லிந்துலை, அக்கரபத்தனை, தலவாக்கலை ஆகிய அயற் பகுதிகளிலும் வாழ்வோர்க்குத் தேயிலை புதுமைப் பொருளன்று. அது நமக்குச் சோறு தரும் செடி. விடியற்காலையில் அருந்தும் பானம். நாட்டுக்குச் செல்வம் தேடித் தரும் ஏற்றுமதிப் பண்டம். அச்செடியின் இலை ஒரு நோய்க்கு மருந்தாகவும் முறைப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது என்பதை நம்மவருட் பலர் அறியார். 2006ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பச்சைத் தேயிலையின் நீர்ச்சாற்றிலிருந்து செய்யப்பட்ட ஒரு களிம்புக்கு அங்கீகாரம் அளித்தது. ஒரு தாவரத்தினின்று தனிப் பொருளொன்றைப் பிரித்தெடாது, பல பொருள்கள் கலந்த சாற்றையே மருந்தாகக் கொள்வதற்கென வகுத்த புதிய விதிமுறையின் கீழ் அந்நிர்வாகம் முதன்முதலாக அனுமதித்த மருந்தும் அதுவேயாகும்.

அக்களிம்பு எந்நோய்க்கு உரியது எனின், பிறப்புறுப்பிலே தோன்றும் மருவுக்கு உரியது என்பதே விடை. இத்தகைய பொருளைக் கல்லூரி மலரில் எழுதலாமோ என்று ஐயுறுதல் இயல்பே. ஆயினும் உடற்கூற்றையும் சுகாதாரத்தையும் பாடமாகப் பயிற்றும் ஒரு நிலையத்திலே, உடலின் ஒரு பகுதியைப் பற்றிய அறிவு மட்டும் விலக்கப்படுதல் பொருந்தாது. இந்நோய் பொதுவாக உயிருக்கு இறுதி பயப்பதன்று. ஆனால் அதனைச் சூழ்ந்து நிற்கும் மௌனம் பல கேடுகளை விளைக்கின்றது. மறைக்கப்பட்ட மரு பெருகுகின்றது. தகாத கைமருந்தினால் மென்மையான தோல் வெந்து புண்ணாகின்றது. அறியாமையினாற் கணவன் மனைவியரிடையே ஐயம் புகுந்து குடும்பம் குலைகின்றது. ஆதலின் இந்நோயின் இயல்பையும், அதற்கு மேற்பூச்சாக வழங்கும் மருந்துகளின் வரலாற்றையும் வினையையும் இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வாம்.

நோயின் இயல்பு

மரு என்பது தோலின் மேற்படையில் எழும் சிறு வளர்ச்சி. அதனைப் பாலுண்ணி என்றும் நம்மவர் கூறுவர். கைகால்களில் வரும் மருவும் பிறப்புறுப்பில் வரும் மருவும் மனிதப் பப்பிலோமா வைரசு என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நுண்கிருமிகளால் உண்டாவன. அக்குடும்பத்தில் 200க்கு மேற்பட்ட வகைகள் உள. அவற்றை ஆய்வாளர் எண்ணிட்டு வழங்குவர். பிள்ளைகளின் கைவிரலிலும் உள்ளங்காலிலும் மருவை விளைப்பவை ஒரு சாரார். பிறப்புறுப்பை நாடுபவை பிறிதொரு சாரார். ஆகவே ஒரு மாணவனின் கையில் மருவைக் கண்டு அவன் ஒழுக்கத்தைப் பழித்தல் அறியாமையின் பாற்படும்.

பிறப்புறுப்பு மருக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 90, 6ஆம் வகை 11ஆம் வகை ஆகிய இரண்டினால் விளைபவை. இவை புற்றுநோயாக மாறுதல் மிக அரிது. பெண்களின் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமானவற்றுள் தலையாயவை 16ஆம் வகையும் 18ஆம் வகையுமாகும். ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதனால், மரு வந்தவர்க்கெல்லாம் புற்றுநோய் வரும் என அஞ்சுதல் தவறு. எனினும் இருவகையும் ஒருவரிடத்தே ஒருங்கே தொற்றியிருத்தல் கூடும். ஆதலின் பெண்கள் உரிய வயதிற் கருப்பைக் கழுத்துச் சோதனையைச் செய்துகொள்ளுதல் எவ்வகையிலும் நன்று.

இவ்வுண்மைகள் ஒருநாளிற் புலனாகவில்லை. 1907ஆம் ஆண்டில் இத்தாலிய வைத்தியர் சியுப்போ என்பார், மருவை அரைத்து, கிருமிகள் புகாத நுண்வடியினூடாக வடித்த நீரும் மருவைத் தோற்றுவிக்கும் எனக் காட்டினார். வடியிலே தங்கும் சாதாரணக் கிருமியினும் நுண்ணியதொன்றே காரணம் என்பது அதனாற் பெறப்பட்டது. 1954ஆம் ஆண்டில், கொரியப் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களின் மனைவியரிடம், அவர்கள் திரும்பிய சில வாரங்களின் பின் இம்மரு தோன்றியமை பற்றி வைத்தியர் மூவர் எழுதினர். உடலுறவினால் இது தொற்றும் என்பது அதன்பின் ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றது. 1980ஆம் ஆண்டில் ஜேர்மனியில் ஹரால்ட் சூர் ஹவுசனும் அவருடைய உடனாய்வாளரும் மருவினின்றே 6ஆம் வகை வைரசின் மரபுப் பொருளைப் பிரித்தெடுத்தனர். அவ்வழியே சென்றதனாற் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயின் காரணமும் வெளிப்பட்டது. அப்பணிக்காக 2008ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சிறு மருவென்று இகழப்பட்ட ஒன்றை ஆராயப் புகுந்தமையே, பெருங்கொல்லியாகிய ஒரு புற்றுநோயைத் தடுக்கும் நெறிக்கு வாயிலாயிற்று.

வைரசு, தோலிலுள்ள கண்ணுக்குப் புலனாகாத சிறு கீறல்களின் வழியாக உட்புகுந்து, தோலின் அடிப்படைக் கலங்களில் உறைகின்றது. அது குருதியிற் கலந்து உடலெங்கும் உலாவுவதன்று. தோலின் கீழ்ப்படையில் ஒடுங்கியிருப்பதனால் உடலின் காவற்படை அதனை எளிதில் உணர்வதில்லை. தொற்றிய சில வாரங்களிலோ, பல மாதங்களின் பின்னரோ, சிலரிடம் அதனினும் நெடுங்காலங் கழித்தோ மரு வெளிப்படும். தொற்றியவருட் பெரும்பாலோர்க்கு மரு வெளிப்படுவதேயில்லை. இக்கூற்றை நன்கு மனங்கொள்ள வேண்டும். இன்று மனைவியிடமோ கணவனிடமோ மரு தோன்றியதாயின், நேற்று அவர் ஒழுக்கம் பிறழ்ந்தார் என்று முடிவுகட்ட அது சான்றாகாது. தொற்று எப்பொழுது, எவரிடமிருந்து வந்தது என்பதை மருவைப் பார்த்துக் கூற எந்த வைத்தியராலும் இயலாது. இதனை அறியாமையால் எழுந்த வீண் சச்சரவுகளின் துயரம், நோயின் துயரத்தினும் பெரிது.

சிறு பிள்ளைகளிடம் இம்மரு காணப்படின் அது தனியாக ஆராயத்தக்கது. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றியதாகவும் இருக்கலாம். பிள்ளைக்கு எவரேனும் தீங்கிழைத்ததன் அறிகுறியாகவும் இருக்கலாம். அதனை மூடிவைத்தல் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் தகாது. தாமதமின்றி வைத்தியரை நாடுதலே கடன்.

முதலில் நோயைத் துணிதல்

மருந்தைத் தேடுமுன், கண்டது மருதானா என்பதைத் துணிதல் வேண்டும். இளைஞரின் உறுப்பில் இயல்பாகவே காணப்படும் சிறு முத்துப் போன்ற புள்ளிகளை நோயென்று எண்ணி மனம் புழுங்குவோர் உளர். அவற்றுக்கு மருந்து தேவையில்லை. மற்றொருபுறம், மேகப் புண் எனப்படும் சிபிலிசு நோயின் இரண்டாம் நிலையில், மருவை ஒத்த தட்டையான ஈரத் தடிப்புகள் அதே இடங்களில் எழும். அதனை மருவென்று கருதி மேற்பூச்சுப் பூசிக்கொண்டிருப்பின், தடிப்பு மறைந்த பின்னும் நோய் உள்ளே நின்று, ஆண்டுகள் பல சென்றபின் இருதயத்தையும் மூளையையும் தாக்குதல் கூடும். அந்நோய்க்குப் பெனிசிலின் ஊசியே மருந்து, களிம்பன்று. இவ்வேறுபாட்டைக் காண இரத்தப் பரிசோதனை வேண்டும். மருவுக்குச் சிகிச்சை பெறச் செல்வோரிடம் வைத்தியர் இரத்தம் கேட்பது குற்றஞ் சுமத்துவதற்காகவன்று. இதன் பொருட்டே என்க.

நால்வகை உபாயம்

நம் பண்டைய வைத்திய நூலார் இத்தகைய வளர்ச்சிகளை அறியாதவரல்லர். சுசுருத சங்கிதையின் நிதானத் தானத்தில், மூலநோயைக் கூறும் அத்தியாயத்திலேயே, பிறப்புறுப்பில் எழும் முளைகளும், தோலில் எழும் சர்மகீலம் என்னும் மருவும் கூறப்பட்டுள. அந்நூலின் சிகிச்சைத் தானம் இவ்வினத்து நோய்களுக்கு உபாயம் நான்கு என வகுக்கின்றது. அவை மருந்து, காரம், நெருப்பு, கருவி என்பன. இன்றைய வைத்தியரின் முறைகளை இந்நான்கினுள் அடக்கிக் காட்டுதல் மாணவர்க்கு நினைவிற் கொள்ள எளிதாகும். வளர்ச்சியை வெட்டியெடுத்தல் கருவி. மின்னாற் சுடுதல் நெருப்பு. சைபரின் கீழ் 196 பாகை குளிர்ந்த திரவ நைதரசனால் உறையச்செய்து அழித்தலும், குளிராற் சுடுதலாகலின், இதன் பாற்படும். திரைகுளோரோ அசற்றிக்கமிலத்தைத் தொட்டு வைத்தல் காரத்துக்கு நேரானது. எஞ்சியது மருந்து. இவ்வொப்புமையைக் கொண்டு பண்டையோர் வைரசை அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுதல் பொருந்தாது. அவர்கள் கண்ணாற் கண்டதைச் செவ்வனே வகைப்படுத்தினர். காரணத்தைக் காணும் கருவி அவர்களிடம் இருக்கவில்லை. அவர் புகழுக்கு அதுவே போதுமானது.

மேற்சொன்ன அமிலம் 80 முதல் 90 வீதச் செறிவுடையது. வைத்தியரே அதனைச் சிறு குச்சியால் மருவின்மேல் மாத்திரம் வைப்பர். தோல் வெளுத்து உறையும். எரிவு தோன்றித் தணியும். வாரம் ஒருமுறை மீண்டும் வைக்க வேண்டியிருக்கும். கருவுற்ற பெண்களுக்கும் பயன்படுத்தத்தக்கது என்பது இதன் சிறப்பு. சுற்றியுள்ள நல்ல தோலிற் பட்டால் புண்ணாக்கும் என்பது இதன் குறை. ஆதலின் இஃது எவரும் வீட்டில் வைத்தாளும் பொருளன்று.

வேரிலிருந்து வந்த மருந்து

மேற்பூச்சு மருந்துகளுள் முதன்முதலிற் புகழ்பெற்றது போடோபிலின் என்னும் பிசின். அது வட அமெரிக்கக் காடுகளில் வளரும் ஒரு சிறு செடியின் வேர்த்தண்டிலிருந்து எடுக்கப்படுவது. அதன் உறவான செடி இமயமலைச் சாரலில் வளர்கின்றது. மருவை அழிக்கும் கூறாகிய போடோபிலொட்சின் அவ்விமயச் செடியிலே மிகுதி. 19ஆம் நூற்றாண்டில் வைத்தியர் அப்பிசினைப் பேதிமருந்தாக வழங்கினர். 1942ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்சு நகரில் கப்லான் என்னும் வைத்தியர், அதனை மருவின்மேற் பூசியதனாற் பெற்ற பயனை வெளியிட்டார். அறுத்தும் சுட்டும் வந்த நோய்க்குப் பூச்சொன்று போதும் என்பது அக்காலத்துப் பெரும் புதுமை.

அது செயற்படும் விதம் 1946ஆம் ஆண்டில் கிங், சலிவன் ஆகியோரால் விளக்கப்பட்டது. கலம் இரண்டாகப் பிரியும்போது, அதன் நிறவுருக்களை இருபுறமும் இழுத்துச் செல்ல நூல்போன்ற நுண்ணிழைகள் தோன்றும். போடோபிலின் அவ்விழைகள் உருவாகாது தடுக்கின்றது. பிரிய முயன்ற கலம் நடுவழியில் நின்று மடிகின்றது. விரைந்து பெருகுவது மருவின் இயல்பாகலின் அதுவே பெரிதும் தாக்குண்கின்றது. இவ்வாறே செயற்படும் பிறிதொரு பொருளை அவர்கள் ஒப்பிட்டனர். அது கொல்சிசின். அப்பொருள் எதில் உளது எனின், சங்கப் புலவர் குறிஞ்சி நிலத்துக்கு உரியதாகப் பாடியதும், நம்மவர் கார்த்திகைப்பூ என்று வழங்குவதுமாகிய காந்தளின் கிழங்கிலும் உளது. அக்கிழங்கு கொடிய நஞ்சு. ஆதலின் ஒப்புமையைக் கேட்ட மாத்திரத்தில் அதனை மருந்தாக்க எவரும் துணியலாகாது.

போடோபிலினும் நஞ்சின் வேறன்று. பரந்த இடத்திலோ புண்பட்ட தோலிலோ பூசினால் உட்சென்று நரம்பையும் என்பு மச்சையையும் கெடுக்கும். கருவிலுள்ள சிசுவுக்கும் தீங்கு செய்யும். ஆதலின் கருவுற்றோர்க்கு அது முற்றாக விலக்கப்பட்டது. வைத்தியர் சிறிதளவே பூசி, சில மணித்தியாலங்களில் கழுவிவிடப் பணிப்பர். பிசினின் வலிமையும் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல் அமைவதில்லை. இக்குறைகளை நீக்கவே தூய போடோபிலொட்சினை அளவிட்டுக் கலந்த 0.5 வீதக் கரைசல் பின்னர் வந்தது. அதனை நோயாளர் தாமே நாளொன்றுக்கு இருமுறை மூன்று நாட்கள் பூசி, நான்கு நாட்கள் நிறுத்தி, அவ்வாறு நான்கு சுற்று வரை செய்யலாம். இதுவும் கருவுற்றோர்க்கு ஆகாது. அளவுக்கு மிஞ்சிய அறுவடையால் இமயச் செடி அருகி வருகின்றது. அதன் சர்வதேச வாணிகம் 1990ஆம் ஆண்டு முதல் உடன்படிக்கையாற் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது.

1997ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமிக்குவிமோட் என்னும் பூச்சு முற்றிலும் வேறு நெறியது. அது கலத்தை நேரே கொல்வதன்று. தோலிலுள்ள காவற் கலங்களைத் தட்டியெழுப்பி, இன்டர்பெரோன் முதலிய பொருள்களைச் சுரக்கச் செய்கின்றது. ஒளிந்திருந்த வைரசை உடலே அடையாளங் கண்டு தாக்குகின்றது. 5 வீதப் பூச்சினை வாரத்தில் மூன்று இரவுகள் படுக்கைக்குச் செல்லுமுன் இட்டு, காலையிற் கழுவி, 16 வாரம் வரை தொடர்வர். சிவத்தலும் எரிச்சலும் அது வேலை செய்வதன் விளைவாக எழுவன. அவற்றைக் கண்டு அஞ்சித் தாமாகவே கைவிடாது வைத்தியரிடம் கூறுதல் வேண்டும்.

கொழுந்திலிருந்து வந்த மருந்து

இனித் தேயிலைக்கு வருவாம். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய கொழுந்திலே கற்றெக்கின் எனப்படும் துவர்ப்புப் பொருள்கள் நிறைந்துள. அவற்றுள் முதன்மையானது எபிகலோகற்றெக்கின் கலேற்று என்பது. நம் தோட்டங்களில் நிகழ்வதை நோக்குக. மடுவத்தில் நிறுக்கப்பட்ட கொழுந்து தொழிற்சாலைக்குச் சென்று, ஓரிரவு வாட்டப்பட்டு, உருளையில் இட்டு நசுக்கப்படுகின்றது. நசுங்கிய இலையின் கலங்கள் உடைந்து, அவற்றினுள் வேறாக இருந்த நொதியமும் கற்றெக்கினும் காற்றோடு கூடுகின்றன. அப்போது ஒட்சியேற்றம் நிகழ்ந்து, பச்சை இலை செம்பு நிறமடைகின்றது. இதனைப் புளித்தல் என்பர். உண்மையில் இதிற் கிருமிகளால் ஆகும் புளிப்பொன்றும் இல்லை. கற்றெக்கின்களிற் பெரும்பகுதி தேயாபிளாவின், தேயாருபிகின் என்னும் வேறு பொருள்களாக மாறுகின்றது. நம் தேநீரின் நிறமும் உறைப்பும் அவற்றினின்றே பிறக்கின்றன.

பச்சைத் தேயிலை செய்வோர் இதற்கு மாறாக, கொழுந்தை முதலிலேயே நீராவியிலோ சூடேறிய தட்டிலோ இட்டு நொதியத்தை அழித்துவிடுவர். ஆதலின் கற்றெக்கின் மாறாது நிற்கின்றது. கரும் தேயிலையும் பச்சைத் தேயிலையும் வெவ்வேறு செடிகளின் விளைவு என்று எண்ணுவோர் பலர். செடி ஒரே இனம்; செய்முறையே வேறு. 1925ஆம் ஆண்டில் நிறுவப்பட்டுத் தலவாக்கலை சென் கூம்சில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் அயலிலே வாழும் நம் மாணவர், இரசாயன பாடத்துக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டை வேறெங்கும் தேடவேண்டியதில்லை.

களிம்புக்குரிய சாறு பச்சைத் தேயிலையை நீரிலிட்டு எடுத்துத் தூய்மை செய்யப்பட்டது. அதன் எடையில் 85 முதல் 95 வீதம் கற்றெக்கின். எபிகலோகற்றெக்கின் கலேற்று மட்டுமே 55 வீதத்துக்கு மேல். அச்சாறு 15 வீதமாகக் களிம்பிற் கலக்கப்பட்டுள்ளது. நாளொன்றுக்கு மூன்று முறை மருவின்மேல் மெல்லிதாகப் பூசவேண்டும். 16 வாரத்துக்கு மேற்படலாகாது. அது செயற்படும் நுட்பம் முற்றாகத் தெளியப்படவில்லை என மருந்தின் உரிமப் பத்திரமே கூறுகின்றது.

அதன் பயன் எத்துணை? அனுமதிக்கு அடிப்படையாய் அமைந்த சோதனைகளில், களிம்பைப் பூசியோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 54 பேருக்கு மருக்கள் முற்றாக நீங்கின. சாறு கலவாத வெறுங் களிம்பைப் பூசியோருள்ளும் நூற்றுக்கு 35 பேருக்கு நீங்கின. இவ்விரண்டாம் எண்ணே சிந்திக்கத்தக்கது. மருந்தில்லாமலும் மூவருள் ஒருவர்க்கு இந்நோய் தானே மறைகின்றது. தேயிலைச் சாற்றினால் விளைந்த மேலதிக நன்மை நூற்றுக்கு 19 பேரளவே. அது சிறிதன்று, அற்புதமுமன்று. மந்திரித்தலாலும், பச்சிலைச் சாற்றாலும், தலைமயிராற் கட்டியதாலும் மரு உதிர்ந்தது என்று கூறுவோர் பொய்யுரைப்பவரல்லர். ஆயின் அம்மூவருள் ஒருவர் தாமாகவே குணமடைந்திருப்பர் என்பதை அவர் எண்ணுவதில்லை. ஒப்பீடில்லாத அனுபவம் எவ்வாறு அறிவை மயக்கும் என்பதற்கு இதுவொரு பாடம்.

தேயிலை மருந்தாயிற்று எனக் கேட்டு, அவித்த இலையையோ கொழுந்துத் துவையலையோ வைத்துக் கட்டுதல் பயனற்றது. கோப்பைத் தேநீரிலும் கட்டிய இலையிலும் களிம்பின் செறிவு இல்லை, தூய்மையும் இல்லை. சுண்ணாம்பு, எருக்கம்பால், பற்றரி அமிலம், காலின் ஆணிக்கு விற்கும் பூச்சு ஆகியவற்றை இவ்விடத்து மென்தோலில் இடுதல் பெருந்தீங்கு. பயனும் அளவும் அறியப்பட்ட மருந்துகள் இருக்க, அறியாதவற்றால் உடலைச் சுட்டுக்கொள்ள வேண்டிய தேவை என்னை?

மருந்தும் வாழ்க்கையும்

மேற்கூறிய மருந்துகள் யாவும் மருவை நீக்குவன. வைரசை வேரோடு களைவன அல்ல. ஆதலின் நீங்கிய மரு, சிறப்பாக முதல் மூன்று மாதங்களில், மீண்டும் தோன்றுதல் கூடும். அது மருந்தின் தோல்வியுமன்று, நோயாளரின் குற்றமுமன்று. காலப்போக்கிற் பெரும்பாலோரின் உடல் வைரசை அடக்கிவிடுகின்றது. மரு உள்ள காலத்தில் உறவைத் தவிர்த்தலும், ஆணுறை அணிதலும் பரவலைக் குறைக்கும். மூடப்படாத தோலினாலும் தொற்றுமாகலின் முற்றாகத் தடுப்பதில்லை. தேயிலைக் களிம்பு இறப்பர் உறையை நலிவிக்கும் என்பதும் அறியத்தக்கது.

மருந்தைத் தெரிதல் உடலைப் பொறுத்தது மட்டுமன்று; வாழும் இடத்தையும் பொறுத்தது. நாளுக்கு மூன்று முறை பூசுக என எழுதிக்கொடுத்தல் எளிது. லயத்திலே ஒற்றைக் காம்பராவில் மூன்று தலைமுறையினர் கூடி வாழும் குடும்பத்தில், ஒரு பெண் தனித்து நின்று தன் உடலைப் பார்ப்பதற்கும் இடமில்லை. காலையிற் கூடையுடன் மலைக்கேறியவள் பகல் முழுவதும் கொழுந்தெடுக்கும்போது நண்பகற் பூச்சுக்குக் கைகழுவ நீரை எங்கே காண்பாள்? வாரந்தோறும் நகரத்துக்குச் சென்று அமிலம் வைத்துக்கொள்வதாயின், அன்றைய பேர் போய்விடும். ஏன் போனாய் என்று கேட்போர்க்கு விடையும் கூறவேண்டும். இவை அற்பக் காரணங்களாகத் தோன்றலாம். சிகிச்சை இடைநடுவில் முறிவது பெரும்பாலும் இத்தகைய காரணங்களாலேயே. ஆதலின் தம் வீட்டு நிலையையும் வேலை நேரத்தையும் வைத்தியரிடம் வெளிப்படையாகக் கூறுதல் நோயாளரின் கடன். அவற்றைக் கேட்டறிந்து மருந்தைத் தெரிதல் வைத்தியரின் கடன். இரவில் மட்டும் இடும் பூச்சு ஒருவர்க்குப் பொருந்தும். வைத்தியரே வைக்கும் அமிலமோ உறைகுளிரோ மற்றொருவர்க்குப் பொருந்தும்.

இலங்கையில் தேசிய பாலியல் நோய் எயிட்சு கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் சிகிச்சை நிலையங்கள் பெரிய அரசாங்க வைத்தியசாலைகளை அண்டி இயங்குகின்றன. அங்கே சிகிச்சைக்குக் கட்டணமில்லை. வந்தவரின் செய்தி பிறர்க்கு வெளியிடப்படுவதுமில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் அறிமுகமானவர் முன் கூற நாணுவோர் நேரே அந்நிலையங்களுக்குச் செல்லலாம். தாய்மாரின் குருதியைச் சோதித்துச் சிபிலிசும் எச்.ஐ.வி.யும் பிள்ளைக்குத் தொற்றாது தடுத்தமைக்காக 2019ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்ற நாடு நம்முடையது. அச்சாதனை, மறைக்காது சோதனைக்கு முன்வந்த பெண்களாலும் ஆயிற்று என்பதை மறத்தலாகாது.

வருமுன் காத்தல்

மருந்துகளின் வரிசையைக் கண்டோம். இவை யாவற்றினும் மேலானது நோய் வராது தடுப்பது. இலங்கையின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் 2017ஆம் ஆண்டில் மனிதப் பப்பிலோமா வைரசுக்கு எதிரான ஊசி சேர்க்கப்பட்டது. பாடசாலைகளில் ஆறாந் தரத்தில் பயிலும் மாணவியர்க்கு அது வழங்கலாயிற்று. 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளையும் தடுக்கும் ஊசி அதற்கெனத் தெரியப்பட்டது. புற்றுநோயைத் தடுத்தல் அதன் தலையாய நோக்கம். மருவைத் தடுத்தல் உடன்வரும் நன்மை.

இவ்வூசியின் வலிமைக்கு அவுஸ்திரேலியா சான்று. அந்நாட்டில் 2007ஆம் ஆண்டில் இளம் பெண்களுக்கு இவ்வூசி வழங்கத் தொடங்கினர். பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களுக்கு வந்த 21 வயதுக்குக் குறைந்த பெண்களுள், அவ்வாண்டில் நூற்றுக்கு 11.5 பேரிடம் மரு காணப்பட்டது. 2011ஆம் ஆண்டில் அது நூற்றுக்கு 0.85 ஆகக் குறைந்தது. ஊசி பெறாத அதே வயது ஆண்களிடமும், பெண்களுடன் உறவுடையோரை எடுத்துக்கொண்டால், 12.1 ஆக இருந்தது 2.2 ஆயிற்று. பெண்களைக் காத்தமையால் ஆண்களும் காக்கப்பட்டனர். எந்தக் களிம்பும் நான்கு ஆண்டுகளில் இவ்விளைவைத் தந்ததில்லை.

பத்து பதினொரு வயதுச் சிறுமிக்கு இவ்வூசி எதற்கு, இஃது அவளைத் தகாத வழியில் நினைக்கத் தூண்டாதா என்று வினவும் பெற்றோர் உண்டு. தடுப்பூசி வைரசு உட்புகுமுன் இடப்பட்டால்தான் முழுப் பயன் தரும். புகுந்த பின் வந்த மருவை அது குணப்படுத்தாது. போலியோவுக்கும் அம்மைக்கும் குழந்தைப் பருவத்திலேயே ஊசியிடுவது போன்றதே இதுவும். வாழ்நாள் முழுவதும் ஒழுக்கத்தில் வழுவாத பெண்ணுக்கும் அவள் கைப்பிடிக்கும் கணவனிடமிருந்து இவ்வைரசு தொற்றுதல் கூடும். ஆகவே ஊசிக்கு உடன்படுதல் மகளின் ஒழுக்கத்தை ஐயுறுதலாகாது. அவளுடைய பிற்கால வாழ்வுக்குச் செய்யும் காவலாகும். ஊசி பெறும் வயதைக் கடந்த தாய்மார்க்குச் சுகவனிதையர் நிலையங்கள் உள. 35 வயதை அடைந்தோர் அங்கே கருப்பைக் கழுத்துச் சோதனையைச் செய்துகொள்ளலாம்.

இத்திட்டத்தின் அனுமதிப் பத்திரம் பெற்றோர் கைக்குச் சென்று சேர்வது வகுப்பாசிரியர் வாயிலாகவே. எழுத்தறியாத தாயொருத்தி அதனைக் கையில் வைத்துக்கொண்டு, இது என்ன ஊசி என்று கேட்பாளாயின், அவளுக்கு விடைகூறத் தக்கவர் அவ்விடத்தில் ஆசிரியரன்றிப் பிறரிலர். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அப்பத்திரம் கைந்நாட்டின்றியே திரும்பி வரும். ஒரு சிறுமி காப்பிழப்பாள். அவ்வினாவுக்கு நாணமின்றி, எளிய சொற்களில், உண்மையை உரைக்கும் ஆசிரியர்கள் நம் மலைநாட்டுப் பாடசாலைகள் தோறும் இருத்தல் வேண்டும். அவ்வாறு உரைத்தற்கு வேண்டும் செய்திகளைத் தொகுத்துத் தருதலே இக்கட்டுரையின் நோக்கம்.